மக்கும் மல்ச்சிங் ஷீட்டை அப்படியே உழுது விடலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். ஆலங்குளம் பக்கம் இரண்டு ஏக்கர் செவல் (செம்மண்), கிணற்றுப் பாசனம், சொட்டுநீர் போட்டாயிற்று. தக்காளி, கத்தரி, இடையில் ஒரு போகம் தர்ப்பூசணி. களை வராமலும் ஈரம் காயாமலும் இருக்கப் பாத்தியை மூடும் மல்ச்சிங் ஷீட்டாக இதுவரை சில்வர்-பிளாக் பாலித்தீன்தான். காய்ப்பு முடிந்ததும் அதைப் பிய்த்தெடுக்க ஆள் கிடைப்பதில்லை, கிழிந்த துண்டெல்லாம் மண்ணிலேயே கிடக்கிறது. இப்போது ஒரு வியாபாரி ‘மக்கும் ஷீட்’ ஒன்றைக் காட்டி, கடைசியில் ரோட்டவேட்டர் விட்டு அடித்தால் போதும், உரமாகிவிடும் என்கிறாராம். “உண்மையா அண்ணாச்சி? விலைக்குத் தகுமா? அப்புறம் அந்த நிலத்தில் எருவுக்கு ஆட்டுக் கிடை போடலாமா?”

தம்பி, மக்கும் ஷீட் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது. உழுது விடலாம் என்பதும் உண்மை. உரமாகும் என்பது மட்டும் வியாபாரப் பேச்சு. ஆனால் உங்களிடம் காட்டியது அந்த ஷீட்தானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். நானே ஒருமுறை ஏமாந்தவன், அதனால் சொல்கிறேன்.

சேரன்மகாதேவிக்குத் தெற்கே எங்கள் தோட்டம். சில வருஷங்களுக்கு முன் வெளியூர் ஏஜெண்ட் ஒருவர் சொன்னதை நம்பி அரை ஏக்கர் வெண்டைக்கு ‘மக்கும் ஷீட்’ போட்டேன். மூன்றே மாதத்தில் அப்பளம் மாதிரி நொறுங்கியது. சந்தோஷமாக உழுது அடித்துவிட்டேன். அடுத்த போகத்தில் பார்த்தால் நகம் அளவுக்குத் துண்டுகள். அதற்கடுத்த வருஷம் அரிசி அளவு. ஐப்பசி மழையில் வயலில் தண்ணீர் நின்றபோது அவ்வளவும் மிதந்து வந்து வாமடை (வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வாய்) ஓரத்தில் கரை கட்டி நின்றது. அன்றைக்குத்தான் உறைத்தது: அந்த ஷீட் மக்கவே இல்லை, பொடிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பொடிவதும் மக்குவதும் வேறு வேறு. சாதாரண பாலித்தீனில் கொஞ்சம் உலோக உப்பைக் கலந்து வெயில் பட்டால் சீக்கிரம் நொறுங்கும்படி செய்வார்கள். ‘ஆக்ஸோ’ வகை என்று அதற்குப் பெயர். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் போகுமே தவிர, மண்ணை விட்டுப் போகாது. ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகையை 2021 ஜூலையிலிருந்து விற்கவே கூடாது என்று தடுத்துவிட்டது. சொல்லப்போனால் இது சாதாரண ஷீட்டைவிட மோசம். சாதாரண ஷீட்டையாவது முழுதாக இருக்கும்போது சுருட்டி எடுக்கலாம், இதை எடுக்கவே முடியாது.

நிஜமான மக்கும் ஷீட் எதனால் ஆனது என்றால், பெரும்பாலும் பி.பி.ஏ.டி. என்ற ஒரு வகை பாலியெஸ்டர், அதோடு பி.எல்.ஏ., இல்லையென்றால் சோள மாவு அல்லது கிழங்கு மாவு. பாலித்தீன் என்பது கரி அணுக்கள் கை கோத்து நிற்கும் நீளச் சங்கிலி. அந்தப் பிடியை அவிழ்க்க மண்ணில் இருக்கும் நுண்ணுயிருக்குத் திராணி இல்லை. பி.பி.ஏ.டி. சங்கிலியிலோ அங்கங்கே எஸ்டர் கணுக்கள் உண்டு. பூவரசு இலையை வயலில் மிதித்து விடுகிறோமே, அந்த இலையின் மேல்தோலில் மெழுகோடு சேர்ந்திருக்கும் பொருளும் இதே மாதிரி எஸ்டர் கணு உள்ளதுதான். அதை அறுத்துத் தின்னும் பூஞ்சாணம் மண்ணில் காலங்காலமாக இருக்கிறது. அந்தப் பூஞ்சாணம் சுரக்கும் நொதியே ஷீட்டின் கணுவையும் அறுக்கும். துண்டு சின்னதாகிப் பூஞ்சாணத்தின் வயிற்றுக்குள் போய், மூச்சுக் காற்றாக, கரியமில வாயுவாக வெளியே போவதுதான் மக்குவது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘இயற்கைப் பொருளில் செய்தது’ என்று சொன்னால் மக்கும் என்று அர்த்தமில்லை. கரும்பிலிருந்து எடுத்த பாலித்தீன்கூட உலகத்தில் விற்கிறது, அது மக்காது. பி.பி.ஏ.டி. பெரும்பாலும் கச்சா எண்ணெயிலிருந்து வருவது, ஆனால் மக்கும். அமெரிக்காவின் அங்கக வேளாண் விதியில் 2014இல் மக்கும் ஷீட்டுக்கு இடம் கொடுத்தார்கள். முழுக்க முழுக்கத் தாவர மூலத்திலிருந்து வந்ததாக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையையும் வைத்ததால், சந்தையில் கிடைத்த ஷீட் எதுவும் உள்ளே நுழைய முடியவில்லை. நீங்கள் அங்ககச் சான்று வாங்கும் எண்ணத்தில் இருந்தால் ஷீட் வாங்குவதற்கு முன்பே சான்று கொடுப்பவர்களிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, வியாபாரி கையில் இருப்பதை எப்படிச் சோதிப்பது? ஒரு டம்ளர் தண்ணீர் போதும். ஷீட்டில் விரல் அளவு துண்டு வெட்டி, சோப்புத் தண்ணீரில் நனைத்து, காற்றுக் குமிழி இல்லாமல் தேய்த்துவிட்டு டம்ளரில் அமுக்கி விடுங்கள். பாலித்தீன் தண்ணீரைவிட லேசு, மேலே வந்துவிடும். பி.பி.ஏ.டி., பி.எல்.ஏ. இரண்டும் தண்ணீரைவிடக் கால் பங்கு கூடுதல் கனம், அடியில் போய் உட்கார்ந்துவிடும். மிதந்தால் பேச்சே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடலாம். மூழ்கினால் மட்டும் நம்பிவிடக் கூடாது, ஏனென்றால் சுண்ணாம்புத் தூளை நிறையக் கலந்த பாலித்தீனும் மூழ்கக்கூடும். என் வாமடையில் மிதந்த துண்டுகள் இந்தச் சோதனையை எனக்கு இலவசமாகச் செய்து காட்டின, ஆனால் இரண்டு வருஷம் கழித்து.

அடுத்தது சான்றிதழ். இதில்தான் படித்தவர்களே ஏமாறுகிறார்கள். ஐ.எஸ்.ஓ. 17088 என்று ஒரு எண்ணைக் காட்டுவார்கள். அது பொய்ச் சான்று இல்லை. நம் ஊரில் கடைகளில் கொடுக்கிற மக்கும் பைக்கும் அந்தத் தரம்தான், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சான்று கொடுக்கிறது. ஆனால் அது குப்பையை மக்கவைத்து உரமாக்கும் உரக்கிடங்குக்கான தரம். பெரிய உரக்கிடங்கில் சூடு 58 டிகிரி வரை ஏறும், ஈரமும் குறையாது, அங்கே மக்கும் என்பதற்கு அது அத்தாட்சி. வயல் மண்ணில் அந்தச் சூடு ஏது? முக்கியமாக பி.எல்.ஏ. அந்தச் சூட்டில் கரைந்துபோகும், வயலில் ரொம்ப மெதுவாகத்தான் போகும். பி.எல்.ஏ. அதிகம் உள்ள ஷீட் உரக்கிடங்குத் தரத்தில் தேறிவிட்டு உங்கள் செவலில் வருஷக்கணக்கில் கிடக்க இடமுண்டு.

நீங்கள் கேட்க வேண்டியது இ.என். 17033. மல்ச்சிங் ஷீட்டுக்கென்றே 2018இல் வந்த ஐரோப்பியத் தரம் அது. ஆய்வுக்கூடத்தில் ஈர மண்ணில், ஏறக்குறைய 25 டிகிரியில், இரண்டு வருஷத்துக்குள் 90 சதவீதமாவது கரியமில வாயுவாக மாறியிருக்க வேண்டும். வெறுமனே கண்ணுக்கு மறைந்தால் தேறாது. செடி முளைப்பு, மண்புழு, மண்ணில் தழைச்சத்தை மாற்றும் பாக்டீரியா ஆகியவற்றுக்குக் கெடுதல் இல்லை என்றும் காட்ட வேண்டும். கன உலோகத்துக்கும் வரம்பு உண்டு. டியூவி ஆஸ்திரியா என்ற சான்று நிறுவனம் கொடுக்கிற ‘ஓகே பயோடீகிரேடபிள் சாயில்’ முத்திரையும் மண்ணுக்கானது. அதே நிறுவனம் உரக்கிடங்குக்கு வேறு முத்திரை கொடுக்கிறது, பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், ஆகவே கடைசிச் சொல்லைப் படியுங்கள். இந்த இரண்டில் ஒன்றைக் காட்டாத வியாபாரியிடம் நான் வாங்க மாட்டேன்.

இரண்டு வருஷம் என்றதும் திகைத்திருப்பீர்கள். ‘உழுது அடித்தால் போதும்’ என்கிற பேச்சில் இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை. சான்று பெற்ற நல்ல ஷீட்டும் ஒரே போகத்தில் காணாமல் போகாது. உழுத பிறகு ஐந்தாறு மாதம் துண்டு துண்டாகக் கண்ணில் படும். அப்புறம் சிறுத்து, பிறகு போகும். நம் மண் ஆய்வுக்கூட மண்ணைவிடச் சூடு, அது ஒரு வகையில் நல்லது, சூட்டில் நுண்ணுயிர் வேகமாக வேலை செய்யும். ஆனால் ஈரம் வேண்டுமே! மாசி முடிந்து கிணறு வற்றி நிலம் புழுதியாகக் கிடக்கும்போது பூஞ்சாணமும் தூங்கும், ஷீட்டும் தூங்கும். ஆலங்குளம் செவலில் அங்ககக் கரிமம் பெரும்பாலும் அரை சதவீதத்துக்கும் கீழே. தின்கிற உயிர் குறைவாக இருக்கும் மண்ணில் தீனி மெதுவாகத்தான் தீரும். ஆற்றுப் பாசனத்து வண்டலில் நான் பார்க்கிற வேகத்தை உங்கள் நிலத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொரு கணக்கு. 4 அடி அகலம், 400 மீட்டர் ரோல். பாத்திக்குப் பாத்தி 5 அடி என்றால் ஏக்கருக்கு ஏழு ரோல் பக்கம் ஆகும். 25 மைக்ரான் தடிமனுள்ள (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) பாலித்தீன் ரோல் ஒன்று 11 கிலோ, ஏக்கருக்கு 75 கிலோ. மக்கும் ஷீட் 15 மைக்ரானில் வந்தாலும், பொருள் கனம் என்பதால் ரோல் 9 கிலோ, ஏக்கருக்கு 60 கிலோ. (அதனால் கிலோ விலையை வைத்து இரண்டையும் ஒப்பிடாதீர்கள், ரோல் விலையை வைத்துப் பாருங்கள்.) மேல் அரை அடி மண் ஏக்கருக்குச் சுமார் 850 டன் இருக்கும். அதில் 60 கிலோ எந்த மூலைக்கு? தழைச்சத்தும் கிடையாது, மணிச்சத்தும் கிடையாது. ஒரு வண்டி சாணிக்கு ஈடாகாது. உரமாகும் என்ற பேச்சு பொய் என்று சொன்னது இதனால்தான். அதே காரணத்தால், கரிப்பொருள் கூடித் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளுமோ என்ற பயமும் வேண்டாம்.

ஆனால் வருஷா வருஷம் போட்டால்? ஒரு வருஷத்தில் பாதி மக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ, அடுத்த வருஷம் புதிதாகப் போட்டதும் 90, அப்புறம் 105, இப்படிப் போய் 120க்குப் பக்கத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் ஏறாது. பாலித்தீன் துண்டு என்றால் அந்தக் கணக்கு நிற்கவே நிற்காது. ஆனாலும் வருஷத்துக்கு இரண்டு போகம் ஒரே நிலத்தில் மக்கும் ஷீட் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு போகம் ஷீட், அடுத்த போகம் வெறும் மண் அல்லது வைக்கோல் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி எந்தப் பயிருக்கு என்பது. ஷீட் போடுவதன் பெரிய லாபம் முதல் 45, 60 நாள்தான். நாற்று நட்டுத் தழைத்து மூடும் வரைக்கும் களை வராமல் பார்த்துக்கொண்டால் போதும், அதற்குப் பிறகு செடி நிழலே களையை அமுக்கிவிடும். மக்கும் ஷீட் நம் வெயிலில் மூன்று, நான்கு மாதம் தாக்குப்பிடிக்கும். தக்காளிக்கு அது கிட்டத்தட்டப் பொருந்தும். கத்தரி ஆறு மாதத்துக்கு மேல் நிற்கிறதே என்றால், நான்காவது மாதத்தில் ஷீட் ஆங்காங்கே வாய் பிளந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை, ஈரம் கொஞ்சம் கூடுதலாகப் போகும். மக்கும் ஷீட் ஆரம்பத்திலிருந்தே பாலித்தீனைவிட ஆவியை அதிகம் விடும், அதையும் மனதில் வைத்துச் சொட்டுநீர் நேரத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும்.

தர்ப்பூசணிக்கு வேண்டாம் என்பேன். கொடி சீக்கிரம் படர்ந்து ஷீட்டை மூடும், அந்த வகையில் பொருத்தமான பயிர்தான். ஆனால் காய் ஷீட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஈரமும் சூடும் சேர்ந்து ஷீட் இளகி, காயின் அடியில் பிளாஸ்திரி மாதிரி ஒட்டிக்கொள்ளும். பூசணியிலும் இதே தொல்லை. சந்தைக்கு ஏற்றும்போது ஒவ்வொரு காயாகத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. பாவூர்ச்சத்திரம் சந்தையில் கறுப்புப் படலம் ஒட்டிய காயை எந்த வியாபாரி முழு விலைக்கு எடுப்பார்? பந்தலில் ஏறும் பாகல், புடலைக்குப் பிரச்சினை இல்லை. வாழை, முருங்கை, எலுமிச்சைக்கு இந்த ஷீட் வீண்செலவு, பயிர் பாதி வளர்வதற்குள் ஷீட் போய்விடும். களக்காட்டு வாழைக்காரர்களுக்கு அவர்கள் தோட்டத்துச் சருகும் மட்டையும் போதும்.

கோரைக் களை இருக்கிற நிலமா? அப்படியென்றால் எந்த ஷீட்டானாலும் ஊசி மாதிரி குத்திக்கொண்டு மேலே வரும். மெல்லிய ஷீட்டில் இன்னும் சுளுவாக வரும். வினோதம் என்னவென்றால், கனத்த காகிதத்தைக் கோரை துளைக்காது. சின்ன இடமென்றால் காகிதத்தையே முயன்று பார்க்கலாம். கோரை மண்டிய இரண்டு ஏக்கருக்கு முதலில் கோடை உழவு போட்டுக் கிழங்கைக் காயவிட்டு, அப்புறம்தான் ஷீட் பற்றிப் பேச வேண்டும்.

நிறமும் ஒரு விஷயம். நாம் போடும் பாலித்தீனின் வெள்ளிப் பக்கம் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து வெள்ளை ஈ, இலைப்பேனைக் கொஞ்சம் தள்ளி வைக்கும், மண்ணையும் அவ்வளவாகச் சுட விடாது. மக்கும் ஷீட் பெரும்பாலும் கறுப்பில்தான் கிடைக்கிறது. பாளையங்கோட்டை வெயிலைத்தான் எல்லாரும் தினமும் செய்தியில் கேட்கிறோமே, அந்தச் சித்திரை வெயிலில் கறுப்பு ஷீட் போட்டால் நாற்றின் தண்டு ஷீட்டில் உரசும் இடத்தில் வெந்துபோகும். கறுப்பு மட்டும்தான் கிடைக்கும் என்றால் புரட்டாசி, ஐப்பசி நடவுக்குப் போடுங்கள். கோடை நடவுக்கு வெள்ளை மேல்புறம் உள்ளதைத் தேடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

ஆலங்குளத்துக்காரருக்குக் காற்றைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செங்கோட்டைக் கணவாயில் நுழைந்து வரும் ஆனி, ஆடிக் காற்றுக்குத்தானே அங்கே இத்தனை காற்றாலை நிற்கிறது. தெற்கே பணகுடி, ராதாபுரத்துக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய். மக்கும் ஷீட்டின் பலவீனம் சரியாக அங்கேதான்: மண்ணுக்குள் புதைத்த ஓரம்தான் முதலில் மக்கும். மேலே ஷீட் நன்றாக இருக்கும், ஓரத்தின் பிடி போயிருக்கும், ஒரு நாள் காற்றில் பாய் மாதிரி எழும்பி நாற்றையும் அடித்துக்கொண்டு போகும். நான் செய்வது இது. பாத்தியைக் காற்றின் போக்கிலேயே கிழக்கு மேற்காகப் போடுவேன். ஓரத்தை அரை அடி ஆழத்துக்குப் புதைத்துக் காலால் நன்றாக மிதித்துவிடுவேன். காற்றுக் காலம் தொடங்குவதற்கு முன்பே செடி படர்ந்திருக்கும்படி நடவு நாளைப் பார்த்துக்கொள்வேன். ஆடியில் புதுசாக ஷீட் விரிப்பது உங்கள் ஊரில் வம்பை விலைக்கு வாங்குவது.

விரிக்கும்போது பாலித்தீனை இழுத்துப் பிடிக்கிற மாதிரி இதை இழுக்கக் கூடாது. இழுத்துக் கட்டினால் ஆயுள் குறையும். பாத்தியின் மேல் கட்டி, கல், பழைய கத்தரித் தூர் எதுவும் இல்லாமல் வழித்துவிட்டு, கொஞ்சம் தளர்வாக விட வேண்டும். நடவுக்கு முந்தின நாளோ அதற்கு முந்தின நாளோதான் விரிக்க வேண்டும். வெயில் பட்ட நாளிலிருந்தே அதன் ஆயுள் ஓட ஆரம்பித்துவிடும், பதினைந்து நாள் முன்னதாக விரித்துவிட்டு நாற்றுக்காகக் காத்திருந்தால் அந்தப் பதினைந்து நாளும் நஷ்டம். அதே மாதிரி, இந்த வருஷம் மலிவாகக் கிடைத்தது என்று அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து வாங்கி ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் போட்டு வைக்காதீர்கள். ரோலுக்குள்ளேயே கெட்டுப்போகும். தயாரித்த தேதி கேட்டு, ஒரு வருஷத்துக்குள் போட்டுவிடுங்கள். மயில் நடமாட்டம் உள்ள தோட்டமென்றால் முதல் மாதம் காவல் வேண்டும். அது கொத்திக் கிளறினால் 15 மைக்ரான் எம்மாத்திரம்? 20 மைக்ரான் கிடைத்தால் அதையே எடுங்கள்.

விலைக்கு வருவோம், நீங்கள் எதிர்பார்த்த பதில் இல்லை இது. கணக்குக்காகப் பாலித்தீன் ரோல் 1,800 ரூபாய் என்று வைப்போம். ஏழு ரோலுக்கு 12,600. மக்கும் ஷீட் இரண்டிலிருந்து மூன்று மடங்கு விலை, அதாவது 25,200இலிருந்து 37,800 வரை. கூடுதல் செலவு குறைந்தது 12,600. மிச்சமாவது என்ன? ஷீட் பிய்க்கும் கூலி. எனக்கு ஏக்கருக்கு எட்டு ஆள் பிடிக்கிறது. ஆளுக்கு 400 என்றால் 3,200, அள்ளிக்கொண்டு போக ஒரு முந்நூறு. இதை வைத்துப் பார்த்தால் கட்டவே கட்டாது. மேலும், பாலித்தீன் ஷீட்டுக்குத் தோட்டக்கலைத் துறை வழியாகப் பல வருஷமாக ஹெக்டேருக்கு 16,000 ரூபாய் வரை, அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ 6,400, மானியம் வந்திருக்கிறது. 30 மைக்ரான் ஷீட்டைக் கவனமாகப் போட்டால் அதிலேயே இரண்டாவது பயிரும் எடுத்துவிடலாம். கையில் இருக்கும் காசை மட்டும் பார்த்தால் பாலித்தீன்தான் ஜெயிக்கும்.

பிறகு எதற்கு இதைப் பற்றி இவ்வளவு பேச்சு? அந்தக் கணக்கில் வராத செலவு ஒன்று இருக்கிறது, அது உங்கள் மண்ணில் ஏறிக்கொண்டே போகிறது. சீனாவில் சின்ஜியாங் பருத்திக் காடுகளில் முப்பது, நாற்பது வருஷம் மெல்லிய ஷீட் போட்டுப் போட்டு, மண்ணில் துண்டுகள் சேர்ந்து வேரும் தண்ணீரும் இறங்க முடியாத நிலை வந்தது. கடைசியில் ஷீட் குறைந்தது 10 மைக்ரான் கனமாவது இருக்க வேண்டும் என்று 2017இல் அங்கே தரத்தையே மாற்றினார்கள், பிய்க்கும்போது கிழியாமல் வர வேண்டும் என்பதற்காக. நம் பக்கமும் பார்க்கிறோமே. 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றோரத்து உடைமரத்தில் எல்லாம் கறுப்புக் கந்தல் தொங்கியதே, அதில் எத்தனை யார் யார் தோட்டத்து ஷீட்டோ.

என் யோசனை: இரண்டு ஏக்கருக்கும் வாங்காதீர்கள். இருபது சென்ட் தக்காளிக்கு ஒன்றரை ரோல் போதும், அதைப் போட்டுப் பாருங்கள். மீதிக்கு 30 மைக்ரான் பாலித்தீன், ஆனால் அது வெடித்து நொறுங்குவதற்கு முன்பே, ஈரம் இருக்கும்போதே, காலை வேளையில் சுருட்டி எடுத்துவிட வேண்டும். காய்ந்து இறுகிய மண்ணிலிருந்து பிய்ப்பதால்தான் கிழிகிறது. முந்தின நாள் தண்ணீர் விட்டால் பாதி ஆள் மிச்சம். மெல்லிய, மலிவான பாலித்தீனைப் போட்டுவிட்டு அப்படியே உழுவதுதான் இருப்பதில் எல்லாம் கேடு. வரப்பில் குவித்துத் தீ வைப்பதும் அதே கேடுதான்.

வைக்கோல், கொழிஞ்சித் தழை மூடாக்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லிவிடுகிறேன். மக்குவதில் அதற்கு மிஞ்சியது இல்லை, உண்மையிலேயே உரமும் ஆகும். உங்கள் செவலில் கறையான் வரும், நாலு விரல் கனத்துக்குப் போட்டால்தான் களை அமுங்கும், கட்டு வைக்கோல் விலையில் அது கட்டுப்படியாகாது. பத்து சென்ட்டுக்குச் சரி.

அந்த இருபது சென்ட்டில் ஒரு சோதனையும் செய்யுங்கள். ஷீட்டில் ஒரு சாண் சதுரத்தில் ஆறு துண்டு வெட்டி, கொசுவலைத் துணியில் தனித்தனிப் பையாகத் தைத்து, அரை அடி ஆழத்தில், சொட்டுநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் மூன்று, தண்ணீர் எட்டாத இடத்தில் மூன்று என்று புதைத்துவிடுங்கள். கூடவே ஒரு பையில் பாலித்தீன் துண்டு, ஒப்பிட்டுப் பார்க்க. ஒவ்வொரு இடத்திலும் அடையாளத்துக்கு ஒரு குச்சி. ஆறு மாதம், ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் என்று ஒவ்வொரு ஜோடியாக எடுத்துக் கழுவிப் பாருங்கள். பையில் ஒன்றும் இல்லையென்றால் முழுக்க மக்கிவிட்டது என்று அடித்துச் சொல்ல முடியாது, பொடிந்து வலைக்கண் வழியே போயிருக்கலாம். ஆனால் ஒன்றரை வருஷம் கழித்தும் ஈரப் பக்கத்துத் துண்டு பாலித்தீன் மாதிரியே முழுசாக இருந்தால், எந்தச் சான்றிதழ் என்ன சொன்னாலும் அது உங்கள் மண்ணுக்கு ஆகாது.

பயிர் முடிந்ததும் செய்ய வேண்டியது: முதலில் சொட்டுநீர் லேட்டரல் குழாய்களைச் சுருட்டி எடுங்கள், மறந்து ரோட்டவேட்டரை விட்டால் ஷீட்டைவிடக் குழாய்க்குத்தான் செலவு அதிகம் வரும். செடியை வேரோடு பிடுங்கி, நிலத்தை ஈரப்படுத்தி, அரை அடி ஆழத்துக்கு அடித்துவிடுங்கள். மேலாகக் கீறி விட்டால் துண்டுகள் காற்றில் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும், அது ஊர்ச்சண்டை. உடனே பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டோ கொழிஞ்சியோ விதைத்து ஒன்றரை மாதம் தண்ணீர் காட்டி மடக்கி உழுதால், மண்ணில் ஈரமும் இருக்கும், பூஞ்சாணத்துக்குத் தெம்பும் கிடைக்கும். சும்மா தரிசாகப் போட்டால் துண்டு அப்படியே கிடக்கும்.

கடைசியாகக் கிடை. போடலாம், ஆனால் ஷீட்டை அடித்த கையோடு வேண்டாம். மக்கும் ஷீட் என்பதால் ஆட்டின் வயிற்றில் கரைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். காய்ந்த தக்காளித் தழையோடு ஒட்டிக்கிடக்கும் துண்டை ஆடு சேர்த்தே மேயும். பசுந்தாளை மடக்கி உழுது, மேல்மண்ணில் துண்டு கண்ணில் படாத அளவுக்கு வந்த பிறகு ஆடு மேய்க்கும் கீதாரியிடம் சொல்லுங்கள். பழைய பாலித்தீன் கந்தல் கிடக்கிறது என்கிறீர்களே, அந்தப் பக்கத்தை முதலில் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் கிடையை உள்ளே விட வேண்டும், அதற்கு எந்தக் குறுக்கு வழியும் கிடையாது. ஒரு மழை பெய்து மண் அலசியதும் அடுத்த நாள் காலையில் இறங்குங்கள், அப்போதுதான் எல்லாம் மேலே தெரியும்.